மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை

மார்ச் 4

அண்ணிக்கு,

கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் சிரிப்புக் காட்டினால் சமாதானமாகிவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

தையல் மெஷினை அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு ஒரு அட்டை போட்டிருந்தீர்களே, அதிலிருந்துதான் இந்தச் செருப்புக் கடை முகவரியை எடுத்தேன். போன் நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். மழை கொட்டிக்கொண்டிருந்த நாளில் ஒரே ஒரு பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனவர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை 'வாயாடி' என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக அழுது, போட்டோவில் மூக்கு சிவந்து நிற்பதும் நீங்கள்தான். நாலாவது கரு கலைந்த பிறகு கூடத்தில் நின்று, "குறை என்கிட்டதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அடுத்த வாரம் ஆளைக் காணோம். நாத்தனார்தானே, அவளுக்கென்ன விளக்கம் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

இப்போது அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். அண்ணனுக்கு வேறு இடம் பார்த்திருக்கிறார்கள். வக்கீலிடமிருந்து உங்களுக்குக் காகிதம் வரும். தகராறு பண்ணாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். "அவளாத்தானே போனா, போட்டுத் தர்றதுல அவளுக்கு என்ன கஷ்டம்" என்கிறார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை, ஆனால் தலையை ஆட்டிவிட்டான்.

இன்னொன்று. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்றாம் மாதம் தாங்கவில்லை, ஜனவரியில் கலைந்துவிட்டது. இவர் நல்லவர்தான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அந்த நேரத்தில் யாரிடம் சொல்லி அழத் தோன்றுமோ அவர் நம்பர் என்னிடம் இல்லை. என் கோபத்தில் பாதி அதுதான்.

வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதே பன்றி விந்து நிலையம், அதே நாற்றம். மாப்பிள்ளை என்று ஒரு ஆண் பன்றி இருக்கிறானே, உங்களுக்குக்கூட போட்டோ காட்டினேன், அவன் இன்னும் அதே திமிரோடுதான் நடக்கிறான். நீங்கள் மறந்துவிட்டுப் போன பச்சைக் குடை என் அலமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 13

அன்புள்ள வாயாடி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பு. எதிரில் ஒரு அம்மா ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்ததுக்காகக் காத்திருந்தார். நான் அடுத்ததை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

என்ன காகிதம்? எந்த வக்கீல்? உன் அண்ணனே தலையாட்டினாரா, நீ கண்ணால் பார்த்தாயா, அல்லது அத்தை சொன்னதைக் கேட்டு எழுதினாயா? இதற்கு மட்டும் எனக்குச் சரியான பதில் வேண்டும். உன் வழக்கப்படி கண், காது, மூக்கு எல்லாம் வைத்து எழுதாதே.

நான் இருப்பது கடைக்கு மேலே ஒரு அறை. இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். ஜன்னல் பஸ் நிலையத்தைப் பார்த்தபடி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் நிற்பேன். கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ இருக்கிறது, பழுப்பு நிறம், ஒன்பதாம் நம்பர். கடையில் முதல் மாதம் வேலை பார்த்தவுடன் எடுத்து வைத்தேன். உன் அண்ணனுக்கு அகலமான பாதம், எது வாங்கினாலும் கடிக்கும், இது கடிக்காது.

இதெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரியில் உனக்கு நடந்ததைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். உடம்பு தேறிவிட்டதா? டாக்டர் என்ன சொன்னார்? ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா? சாதாரண ரத்தப் பரிசோதனையைச் சொல்லவில்லை. நீ பன்றிகளுக்குப் பார்ப்பாயே, அது மாதிரியானது. பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல். ஏன் என்று கேட்காதே.

போன் செய்கிறேன் என்று நம்பர் கேட்காதே. உன் குரலைக் கேட்டால் நீ என்ன கேட்டாலும் சரியென்று சொல்லிவிடுவேன். எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். கண், காது, மூக்கு எதுவும் நான் வைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 'நீ பன்றிகளுக்குப் பார்ப்பாயே, அது மாதிரியானது.' நான் செய்கிற வேலையின் பெயரைக்கூட உங்களால் சரியாகச் சொல்ல முடியாது. 'ஏதோ பன்னிக்கு ஜாதகம் பார்க்கிறா' என்று எல்லோரிடமும் கேலி பண்ணுவீர்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பரிசோதனை எப்படித் தெரிந்தது?

மாப்பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் நிலையத்தில் ஆண் பன்றிகள் மட்டும்தான். விந்தெடுத்து, பாக்கெட்டில் அடைத்து, பண்ணைகளுக்கு அனுப்புவோம். மாப்பிள்ளைதான் எங்கள் ராஜா. மினுமினுவென்று உடம்பு. எடுக்கும்போதெல்லாம் அவன் விந்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அடர்த்தி பிரமாதம், ஓட்டம் பிரமாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்தான். ஆனால் அவனுடையதை வாங்கின சின்னப் பண்ணைகளில் மட்டும் ஒரு ஈற்றுக்கு ஐந்து குட்டி, ஆறு குட்டி. மற்ற இடங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று போடுகிறபோது இங்கே இப்படி. குட்டி குறைந்தால் பண்ணைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பெண் பன்றியைக் கழித்துவிடுவார்கள். லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி, மறுபடியும் எங்களிடமே வந்து மாப்பிள்ளையையே கேட்பார்கள். பெரிய பண்ணைகளுக்கு நாலைந்து பன்றிகளின் விந்தைக் கலந்து அனுப்புவோம், அங்கே இது வெளியிலேயே தெரியாது. எங்கள் கால்நடை டாக்டரிடம் கேட்டால், "மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் அந்தப் பொண்ணுங்க பண்ற கூத்து" என்று சிரிப்பார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு பண்ணைக்கார அம்மா நேரில் வந்து மேஜையைத் தட்டினார். "இருந்த பன்னி அத்தனையும் மாத்திட்டேன். தீவனம் மாத்திட்டேன், கொட்டகை மாத்திட்டேன். இனிமே என்னைத்தான் மாத்தணும். ஒரு தடவையாவது அவனைப் பாருங்களேன்!" என்று கத்திவிட்டுப் போனார். புதிதாக வருகிற பன்றிகளுக்கு மட்டும்தான் குரோமோசோம் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த விதி வருவதற்கு முன்பே வந்துவிட்டவன் மாப்பிள்ளை, அதனால் அவனை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கே ரத்தம் எடுத்தேன்.

ரத்தத்தில் இருக்கிற அணுக்களை வளர்த்து, அவை பிரிகிற நேரத்தில் அப்படியே நிறுத்தி, ஸ்லைடில் சொட்டி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். பன்றிக்கு முப்பத்தெட்டு குரோமோசோம். படமெடுத்து ஜோடி ஜோடியாக அடுக்கினேன். முப்பத்தெட்டும் இருந்தன. ஒன்றின் நுனி உடைந்து இன்னொன்றில் ஒட்டியிருந்தது, அதன் நுனி இதில் ஒட்டியிருந்தது. இடம்தான் மாறியிருக்கிறது, எதுவும் தொலையவில்லை, அதனால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குட்டிக்குப் பாதியைக் கொடுக்கிறபோது ஒன்று கூடிப்போகும், ஒன்று குறைந்துபோகும். அப்படி உண்டான கரு கொஞ்ச நாளில் கரைந்துவிடும். பன்றி வயிற்றில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு இருப்பதால் பாதி போனாலும் பாதி பிறக்கிறது, யாரும் அழுவதில்லை. மனுஷிக்கு ஒன்றே ஒன்றுதானே அண்ணி.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் வரி ஞாபகம் வந்தது. நாலாவதற்குப் பிறகு டாக்டர் உங்கள் இரண்டு பேரிடமும்தான் ரத்தம் எடுத்தார். அண்ணன் கையில் பஞ்சு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். நேற்று வீட்டுக்குப் போய் அவனிடமே கேட்டேன். "அண்ணா, உன் ரிசல்ட் என்னாச்சு?" என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனவன், நான் கிளம்புகிற வரைக்கும் குளியலறையை விட்டு வரவில்லை.

குறை யாரிடம் அண்ணி?

வாயாடி


ஏப்ரல் 12

வாயாடி,

இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் உனக்குப் போனது என்று படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இது அண்ணனுக்கு மட்டும் வருகிற விஷயமில்லை. உனக்கும் வந்திருக்கலாம்.

எனக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான் இருக்கிறது. உன் மாப்பிள்ளைக்கு இருப்பதேதான்.

அந்த டாக்டர் அம்மா படம் போட்டு விளக்கினார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு நாள் இரண்டு பெட்டிகளில் செருப்பு மாறிவிட்டது. ஒன்றில் ஆறாம் நம்பர் இடதும் எட்டாம் நம்பர் வலதும், இன்னொன்றில் மிச்சம். இருப்பு எடுத்தபோது கணக்கு சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டு போனவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்துத்தான் திரும்பி வந்தார். முதலாளி என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார், நான் நடுக்கடையில் நின்று தேம்புகிறேன். ஒரு பெட்டிக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று அவரே பயந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இப்படியே ஆகும் என்று இல்லை, நல்லபடியாகப் பிறக்கிறதும் உண்டு, விடாமல் பாருங்கள் என்றார். உன் அண்ணன் காதில் அது விழவே இல்லை. பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. எனக்கும் தங்கச்சிக்கும் நடுவுல அம்மாவுக்கு எத்தனை போச்சுன்னு உனக்குத் தெரியும். அவங்களை அப்போ எல்லாரும் பேசாத பேச்சில்ல. இப்போ இது அப்பாகிட்டேருந்து வந்துச்சா அம்மாகிட்டேருந்து வந்துச்சான்னு கிளற வேணாம். அப்பா இருந்தாலாவது பரவால்ல" என்று அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் பஸ்ஸில் அழுது நீ பார்த்திருக்கிறாயா? எனக்குத் தாங்கவில்லை. "நான் என்கிட்டதான் குறைன்னு சொல்லிடறேன், விடுங்க" என்றேன். நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உன் அம்மா பேசியதெல்லாம் உனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். அந்த வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் செத்துப்போவோம் என்று நாங்கள் பேசி முடிவெடுத்தோம். நான் முதலில் வந்து வேலையும் அறையும் பார்க்க வேண்டும், அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட வேண்டும். நான் கோபித்துக்கொண்டு போனதாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அதற்கும் சரி என்றேன். புது நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினார். மாற்றல் வரும், அடுத்த மாதம் வரும் என்றார். பொங்கிப் பொங்கிப் பேசியவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உன் கடிதம் வந்தது.

இதை யாரிடமும் சொல்லாதே. வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவரே வந்து சொல்லட்டும். எனக்கு இன்னமும் அவர் மேல் நம்பிக்கை இருக்கிறது, சிரிக்காதே.

நீ உன் ரத்தத்தைப் பார். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணி,

நான் சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் ஒரு ஸ்லைடு பெட்டியையே கீழே போட்டு உடைத்தேன். கை தவறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாப்பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். அவனைப் பற்றிய என் அறிக்கை கைக்குப் போன அன்றைக்கே டாக்டர் கையெழுத்துப் போட்டார். லாரி வந்தது. அவன் பலகையில் ஒரு தயக்கமும் இல்லாமல் ஏறினான், ஏதோ விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. போகிற போக்கில் என் கையை மோந்து பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது, அவன் என்ன செய்வான்? அவனுக்கு வாயில்லை. அண்ணனுக்கு வாய் இருந்ததே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கூடத்தில் நின்று அதைச் சொன்னபோது அவனும் அங்கேதான் நின்றான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தான் அண்ணி. ஒரு பக்கத்தைப் புரட்டினான்.

தேதி குறித்துவிட்டார்கள். பெண் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கணவன் இறந்து சில வருஷம் ஆகிறதாம், ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். ஒரு தடவைதான் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு" என்றாள். நல்லவளாகத்தான் தெரிகிறாள், அதனால்தான் பயமாக இருக்கிறது. அவளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைவாள். அம்மா அவளையும் அதே வார்த்தைகளில் பேசுவார். அண்ணன் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவான். பெண் பன்றிகளை ஒவ்வொன்றாக லாரி ஏற்றினார்களே, அதைத்தான் நம் வீட்டிலும் செய்கிறோம்.

உங்கள் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் நான் சொல்கிறேன். நீங்கள் சரி என்று சொல்லாமல் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது உங்கள் பொய், நீங்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன பொய். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள்.

என் ரத்தத்தை எடுக்கிறேன், எடுக்கிறேன். நச்சரிக்காதீர்கள்.

வாயாடி


மே 7

வாயாடி,

சொல்லிவிடு.

நாலு நாள் யோசித்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தப் பெண்ணுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மை தெரிந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், இவர் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார் என்று என் மனசு கணக்குப் போடுகிறது. அதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை.

அவளிடம் சொல்லும்போது அவரைக் கேவலமாகச் சொல்லாதே. பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்று சொல். அவருக்கு வலிக்காத மாதிரி சொல்.

அண்ணி


மே 19

அண்ணி,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சும்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை இருந்த கூண்டுக்குப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். பயந்தாங்கொள்ளி. அவன் முப்பத்தெட்டும் சரியாக இருக்கின்றன. பாருங்கள், எதை எதையோ எழுதுகிறேன்.

மருந்துக் கடைக்குப் போனேன். மதியம், கூட்டமில்லாத நேரம். அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமி, "எங்க அண்ணனைப் பத்தி ஒரு விஷயம்... குழந்தை விஷயமா" என்று ஆரம்பித்ததும் அவளே, "குரோமோசோம் விஷயம்தானே? முதல் நாளே சொல்லிட்டாரே" என்றாள். ரொம்பச் சாதாரணமாக. "மறைக்க விரும்பல, உங்களுக்குச் சம்மதம்னா மேல பேசலாம்னாரு. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அது போதும், இன்னொன்னு வேணும்னு எனக்கு இல்லைன்னேன். அந்த நேர்மைதான் எனக்குப் பிடிச்சுது" என்றாள்.

அந்த நேர்மை அண்ணி.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் நினைத்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அண்ணன் பிடிவாதமாக இருக்கிறான் என்று ஏதாவது கதை கட்டலாமா என்றுகூட யோசித்தேன். பொய் சொல்லிக் காப்பாற்றுகிற வேலையை நீங்கள் செய்து என்ன ஆனது என்று பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை.

அங்கிருந்து நேராக அண்ணன் ஆபீசுக்குப் போனேன். படிக்கட்டில் நின்று கத்தினேன். "அவகிட்ட சொல்ல முடிஞ்சுதில்ல? அண்ணிக்காக அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல உன் வாய் ஏன் திறக்கல?" என்றேன். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "யாருன்னே தெரியாத ஒருத்திகிட்ட சொல்றது சுலபம்டி. உங்க அண்ணி எனக்காகப் பழியை வாங்கிக்கிட்டா. அவ முகத்தைப் பார்க்குறப்பல்லாம் நான் எவ்வளவு சின்ன ஆளுன்னு தெரியுது. போன்ல அவ குரல் கேட்டாலே கூசுது. நான் எப்படி அவகூட வாழுவேன்?" என்றான். அடிக்கத்தான் போனேன். அழுதுகொண்டிருந்தான், அடிக்க முடியவில்லை.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அதற்கு நீங்கள் அனுமதி தரவில்லை, பரவாயில்லை, என்னைத் திட்டுங்கள். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்போ நடுவுல எனக்குப் போனதுங்களும் இதனாலதானா?" என்று மட்டும் கேட்டார். இருக்கலாம் என்றேன். மடித்த துணியையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "என்னைப் புள்ள தங்காத வயிறுன்னு எல்லாரும் சொன்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா... நானும் அவளை அப்படியே சொன்னேனே" என்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு எழுதச் சொன்னேன். எந்த முகத்தோடு எழுதுவது என்கிறார்.

என் ரத்தத்துக்கு ஜூன் பன்னிரண்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் வாங்கிய தேதிக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். தினமும் பன்றிகளைப் பிடித்துக் கழுத்தில் ஊசி குத்துகிறவளுக்குத் தன் கையை நீட்டப் பயம். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

வக்கீல் காகிதம் வந்திருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் இனிமேல் உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?

வாயாடி


ஜூன் 3

அன்புள்ள வாயாடி,

உன் கடிதத்தை இந்தத் தடவை மேலே அறைக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். நல்லவேளை.

முதலில் அந்த 'நேர்மை' என்கிற சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குத் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளைக் கோத்து, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு தடவை, நம் கூடத்தில், உன் அம்மா முன்னால் அவர் சொல்லியிருந்தால் போதும் வாயாடி. எனக்குக் குழந்தைகூட வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை என்று நினைத்துத்தான் நான் சொன்னேன். தெம்பு இருந்திருக்கிறது. எனக்காகச் செலவழிக்கத்தான் இல்லை.

அன்று பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் பழியை நான் தூக்கிக்கொண்டேன், பிறகு என்னைப் பார்த்தால் அவருக்கு அந்தப் பழிதான் தெரிந்திருக்கிறது. நான் என்னவோ அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் செருப்பு அடுக்குகிறேன். கடையில் இப்போது எல்லாப் பெட்டியையும் இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

நேற்று ஒருவர் வந்தார். வயதானவர், அகலமான பாதம். ஒன்பதாம் நம்பர், பழுப்பு நிறம் கேட்டார். அலமாரியில் இல்லை. வருமா என்று கேட்டார். கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். போட்டு நடந்து பார்த்துவிட்டு, "கடிக்கவே இல்லையேம்மா" என்று அப்படியே போட்டுக்கொண்டு போனார். பெட்டி வேண்டாம் என்றார். காலிப் பெட்டி என் கையில் இருந்தது. மேலே போய் அதை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

அத்தையிடம், எழுத முடியாவிட்டால் பரவாயில்லை என்று சொல். அவருக்குப் போனவர்களுக்காக அவர் முதலில் அழட்டும். அவரை யாரும் அழவிட்டதே இல்லை. என் முறை பிறகு வரட்டும்.

உன் ரத்தத்தில் அது இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறாய். இருந்தால் அன்றைக்கே உன் வீட்டுக்காரரிடம் சொல்லு, உன் மாமியாரிடமும் சொல்லு, நீயே சொல்லு. யாரையும் உனக்காகச் சொல்லவிடாதே. டாக்டர் நல்லபடியாகப் பிறக்கிறதும் உண்டு என்று சொன்னதை உன் அண்ணன் காதில் வாங்கவில்லை, நீயாவது கேள்.

வக்கீலுக்குக் காகிதத்தை அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுவதையும் ஒரு வரி விடாமல் படித்தேன். அவருக்கு நான் இனி மனைவி இல்லை என்று எழுதியிருக்கிறது. உனக்கு நான் அண்ணி இல்லை என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலைப் பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நில், இந்தத் தடவை திரும்பிப் போகாதே. சாப்பிட்டுவிட்டு வா, வெறும் வயிற்றில் ஊசியைப் பார்த்தால் உனக்கு மயக்கம் வரும். அன்றைக்கு மழை வந்தாலும் வரும், அந்தப் பச்சைக் குடையையும் எடுத்துக்கொண்டு வா.

அண்ணி